டே கேர் ஆயாம்மாவுக்கும் மிஸ்ஸுக்கும் என்ன கொடுக்கலாம்? முதல்முறைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையை டே கேரிலோ ப்ளே ஸ்கூலிலோ சேர்த்த முதல் வருஷம், தீபாவளி நெருங்கும்போது எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யார் கையில் கொடுப்பது? ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கி மிஸ் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் காலையில் டயப்பர் மாற்றியவர், மத்தியானம் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டியவர், தூங்காமல் அழுத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியவர் பல இடங்களில் ஆயாம்மாதான். அங்கே சம்பளம் குறைவாக வாங்குகிறவரும் அவர்தான். பரிசு அவர் கைக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்வதே இதில் முக்கியமான வேலை. என்ன பொருள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கே சொல்வது சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் இருக்கும் தனியார் டே கேர், ப்ளே ஸ்கூல்களுக்குப் பொருந்தும். அங்கன்வாடிக்கும் ஆபீஸ் க்ரெச்சுக்கும் நடைமுறை வேறு. அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதல் வேலை: பெயர்ப் பட்டியல்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். காலையில் கேட்டுக்குள் நுழைவதில் இருந்து சாயங்காலம் வெளியே வருகிறவரை உங்கள் பிள்ளை யார் யார் கையில் இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். வாட்ச்மேன், காலை ஷிப்ட் ஆயாம்மா, வகுப்பு மிஸ், உதவி மிஸ், சமையல் அக்கா, தூங்கவைக்கிற ஆயாம்மா, பாத்ரூம் கழுவுகிற அக்கா, சாயங்கால ஷிப்ட் ஆயாம்மா. வேனில் போகிற பிள்ளை என்றால் வேன் அண்ணனும் கூட வரும் ஆயாம்மாவும் சேர்த்தி.

பிள்ளைகள் எல்லாரையும் 'ஆயாம்மா' என்றே கூப்பிடுவதால் பெயர் தெரியாமலே ஒரு வருஷம் ஓடிவிடும். கூப்பிடப் போகிறபோது மிஸ்ஸிடம் கேட்டுவிடுங்கள்: "பாப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுறது யாருங்க? தூங்கவைக்கிறது யாரு? அவங்க பேர் என்ன?" இப்படிக் கேட்டால், நீங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒருவர் பெயர் அநேகமாக வரும். காலை ஏழரைக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடுகிற ஆயாம்மாவை, ஆறு மணிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போகிற அம்மா அப்பா எங்கே பார்க்கப் போகிறார்கள்? பரிசுப் பட்டியலில் விட்டுப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

பெயருக்குப் பக்கத்தில் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: ஷிப்ட் நேரம், வார லீவு, புடவையா சுடிதாரா, எந்தப் பண்டிகை கொண்டாடுகிறவர். ஒரு வாரம் கேட்டில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் எல்லாம் தெரிந்துவிடும். சர்க்கரை வியாதி இருக்கிறதா என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஊழியர்கள் தனியாக எதையும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கும். தெரியாமல் கொடுத்தால், வாங்கிய ஆயாம்மாதான் பேச்சு கேட்பார். 'பொதுவாகக் கொடுங்கள், நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்' என்றால், ஆயாம்மா, சமையல் அக்கா எல்லாருக்கும் பங்கு உண்டா என்று தெளிவாகக் கேளுங்கள். அது கேட்கக்கூடிய கேள்விதான், தயங்க வேண்டாம்.

எப்போது கொடுப்பது

தீபாவளி, பொங்கல், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், ஏப்ரலில் வருஷக் கடைசி, பிள்ளை அங்கிருந்து விலகும் நாள். வழக்கமான சந்தர்ப்பங்கள் இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு ஒரு கார்டும் பழமும் போதும்.

ஆசிரியர் தினத்தைப் பெரிதாக எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அன்றைக்கு மிஸ்களுக்குப் பூவும் பேனாவும் குவியும்; ஆயாம்மாவை யாரும் நினைப்பதில்லை. அன்றைக்கு ஏதாவது கொடுப்பதாக இருந்தால் அவருக்கும் சேர்த்தே கொடுங்கள். எங்கள் கணக்கில் தீபாவளிதான் சரியான நேரம். வீட்டில் செலவு குவிகிற மாதம் அது, சின்ன டே கேர்களில் போனஸ் என்று ஒன்று வருமா என்பதும் நிச்சயமில்லை. கிறிஸ்தவரோ முஸ்லிமோ இருந்தால், வகுப்பாகச் சேர்ந்து கொடுக்கும் பொதுப் பரிசை எல்லாரோடும் சேர்த்துக் கொடுங்கள். கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் முன்னால் உங்கள் வீட்டுப் பங்காகத் தனியாகச் சின்னதாக ஒன்று கொடுங்கள்.

தேதியில் மிகவும் கவனிக்க வேண்டியது இது. துணி கொடுப்பதாக இருந்தால் தீபாவளிக்கு நான்கு வாரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தையற்காரர்கள் புது ஆர்டர் வாங்க மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கையில் வருகிற புடவை, ரவிக்கை இல்லாமல் பீரோவுக்குள் போய்விடும். பணமும் மளிகையும் என்றால் பத்து நாள் முன்னால் போதும். கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். வெளியூர்க்காரர்கள் லீவு போட்டு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள்.

பணமா, பொருளா?

ஆயாம்மா, சமையல் அக்கா, வாட்ச்மேன் ஆகியோருக்குப் பணம்தான் முதல் தேர்வு. 'பணம் கொடுத்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ' என்ற கூச்சம் பெரும்பாலும் பெற்றோருக்குத்தான். மரியாதை கொடுக்கிற விதத்தில் இருக்கிறது. கசங்கின நோட்டை மடித்துக் கையில் திணிப்பது ஒரு விதம். புது நோட்டை மொய் கவரில் வைத்து, மேலே அவர் பெயர் எழுதி, பிள்ளை கையால் கொடுப்பது இன்னொரு விதம். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டின மொய் கவர் எல்லா ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும்.

ஜிபே, போன்பேயில் அனுப்பலாமா? அவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். சிலருடைய எண் வீட்டுக்காரர் போனிலோ மகன் போனிலோ இருக்கும். அவருக்கென்று நீங்கள் அனுப்பியது அவர் பார்க்கும் முன்பே செலவாகிவிடலாம். கையில் கொடுக்கிற கவர் அவருடையது.

எவ்வளவு? உங்கள் மாதக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தீபாவளிக்கென்று ஒதுக்குவது நியாயமான தொடக்கம். கட்டணம் 9,000 ரூபாய் என்றால் 900. பிள்ளையை நேரடியாகப் பார்த்துக்கொள்கிற மூன்று பேருக்கு ஆளுக்கு 300 வரும், கவரில் இருக்கும் நாணயத்தோடு 301. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் வேலை மிக அதிகம். முடிந்தால் இரட்டிப்பாகக் கொடுங்கள்.

மேலே போகாதீர்கள் என்று சொல்லவும் காரணம் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்து ஒரே ஆயாம்மாவுக்கு ஐயாயிரம் போனால், கூட வேலை செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு நடக்கிறதோ என்று மற்றப் பெற்றோர் கேட்பார்கள். ஆளை வீட்டு வேலைக்கு இழுக்கப் பார்க்கிறார்களோ என்று நிர்வாகிக்குச் சந்தேகம் வரும். நல்ல மனதோடு கொடுத்தது அவருடைய வேலைக்கே இடைஞ்சலாக முடியும். மருத்துவச் செலவு, பிள்ளை படிப்பு என்று பெரிதாக உதவ நினைத்தால், அதைப் பண்டிகைப் பரிசோடு கலக்காமல் தனியாக, நிர்வாகிக்கும் தெரிந்தே செய்யுங்கள்.

கிஃப்ட் கார்டு வேண்டாம். பெரிய மாலில் மட்டும் செல்லுகிற கார்டு, காலாவதித் தேதி, மீதிப் பணம் திரும்பக் கிடைக்காதது என்று எல்லாமே அவருக்குச் சுமை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அவர் வீட்டுத் தெருவில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டின் கூப்பன் வாங்குங்கள்.

புடவை வாங்குவதாக இருந்தால்

பொருளில் இன்றைக்கும் முதலிடம் புடவைக்குத்தான். அதிகமாகத் தவறு நடப்பதும் இதில்தான்.

நீளத்தை முதலில் பாருங்கள். புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர், ஆக 6.3 மீட்டர் வர வேண்டும். விலை குறைந்த காட்டன் புடவைகள் சிலவற்றில் ரவிக்கைத் துணி இருக்காது. கடையில் பிரித்துப் பார்த்து, முந்தானைக்கு எதிர் முனையில் ரவிக்கைத் துணி தொடர்ந்து வருகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் அங்கேயே மேட்சிங் துணியும் லைனிங்கும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தையற்கூலி. லைனிங் வைத்து ரவிக்கை தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, ஓரம் அடித்தால் ஒரு சாதாரணக் காட்டன் புடவையின் விலையில் பாதி வரைகூடப் போகும். நீங்கள் கொடுத்த பரிசைக் கட்டிக்கொள்ள அவர் கைக்காசைப் போட வேண்டியிருக்கக் கூடாது. உங்களிடம் 1,000 ரூபாய் இருந்தால், 600-க்குப் புடவை எடுத்து 400-ஐத் தையலுக்கென்று கவரில் வைப்பது, 1,000-க்குப் புடவை எடுப்பதைவிட நல்லது.

என்ன ரகம்? சின்னாளபட்டிச் சுங்குடி, செட்டிநாட்டுக் காட்டன், கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கும் கைத்தறி ரகங்கள் எல்லாம் நன்றாக உழைக்கும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடி வழக்கமாக உண்டு. அது தொடங்கிய முதல் வாரமே போனால் நிறம் தேர்ந்தெடுக்க வசதி. சுங்குடி முதல் சலவையில் சாயம் விடலாம். கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளையும் முழுக் கறுப்பும் தவிர்த்துவிடுங்கள். வேலை நேரத்துக்கு யூனிஃபார்ம் புடவை இருக்கிற இடம் என்றால் நீங்கள் கொடுப்பதை வீட்டு விசேஷத்துக்குத்தான் கட்டுவார். அப்போது கொஞ்சம் சரிகை ஓடினால் மகிழ்ச்சி கூடும்.

இரண்டு மூன்று பேருக்கு எடுத்தால் ஒரே விலை, ஒரே ரகம், வேறு வேறு நிறம். நீங்கள் பிரித்துப் பெயர் எழுதாதீர்கள். வயதில் மூத்தவர் முதலில் எடுக்கட்டும் என்று மூன்றையும் முன்னால் வைத்துவிடுங்கள்.

இளவயது மிஸ்களுக்குப் புடவை பெரும்பாலும் பயன்படாது. குர்த்தியில் அளவுச் சிக்கல் வரும். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியதைப் பல கடைகள் மாற்றித் தருவதில்லை, பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தைக்காத சுடிதார் செட் என்றால் அளவுப் பிரச்சினை இல்லை. தையற்கூலிக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

அளவே பார்க்க வேண்டாத துணி ஒன்று உண்டு: பெட்ஷீட். சென்னிமலை, கரூர்ப் பக்கத்துக் காட்டன் டபுள் பெட்ஷீட், இரண்டு தலையணை உறையோடு. எந்த மதம், எந்த வயது, எந்த உடம்பு வாகாக இருந்தாலும் பொருந்தும். யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாத முதல் வருஷத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான பரிசு இல்லை.

மற்றப் பொருட்கள்

எவர்சில்வர் எப்போதும் கை கொடுக்கும். இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் பிளாஸ்க் இரண்டும் ஆயாம்மாக்கள் தினமும் எடுக்கிற பொருட்கள். ஒரே அறையில் ஆறேழு பேர் ஒரே மாதிரி டப்பாவில் சாப்பாடு கொண்டு வருவதால் மாறிப்போவதும் சகஜம். வாங்குகிற பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். வெட்ட வேண்டியது அவர் பெயரை; உங்கள் பிள்ளை பெயரும் தேதியும் வேண்டாம். மூடி, அடிப்பாகம் இரண்டிலும் வெட்டச் சொல்லுங்கள், தொலைவது பெரும்பாலும் மூடிதான்.

மளிகையாகக் கொடுத்தால் நல்லெண்ணெய் ஒரு லிட்டர், துவரம்பருப்பு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ, நல்ல காபித்தூள் அல்லது டீத்தூள் அரை கிலோ என்று ஒரு துணிப்பையில் போடலாம். சனிக்கிழமை மட்டும் கொடுக்காதீர்கள். அன்றைக்கு எண்ணெய் கைமாறுவதைச் சிலர் விரும்புவதில்லை. பஸ்ஸில் போகிறவர் என்றால் மொத்த எடை நான்கு கிலோவுக்குள் இருக்கட்டும்.

ஸ்வீட் பாக்ஸைப் பற்றி: தீபாவளி வாரத்தில் ஒரு ஆயாம்மா வீட்டுக்கு ஏழெட்டுப் பெட்டி போகும். பால்கோவா மாதிரிப் பால் இனிப்பு இரண்டு நாளில் கெட ஆரம்பிக்கும். கொடுக்க ஆசை என்றால் முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா கொடுங்கள், இரண்டு வாரம் தாங்கும். வேர்க்கடலை, முந்திரி சேர்ந்ததை வகுப்பறைக்குள் கொண்டுபோக வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை அங்கே இருக்கலாம். வாசலிலேயே கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் இடம் என்பதாலேயே சில பொருள்கள் கூடாது. திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். ஒரு குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். அந்த அட்டையை வாங்கவே வாங்காதீர்கள். மணி பிளாண்ட் தொட்டியை வகுப்பறைக்குக் கொடுக்காதீர்கள். இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். கைக்குழந்தைகளைத் தூக்குகிறவர்களுக்கு சென்ட், வாசனை அதிகமான க்ரீம் ஒத்துவராது. நாளெல்லாம் கை கழுவித் தோல் வெடித்திருப்பதைப் பார்த்து க்ரீம் கொடுக்க நினைத்தால் வாசனை இல்லாததாக, மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். தொங்கட்டான், கண்ணாடி வளையல் இரண்டும் வேலை நேரத்தில் போட முடியாதவை.

கைக்குட்டை கொடுத்தால் உறவு முறியும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். 'பெஸ்ட் டீச்சர்' என்று எழுதின கப் ஒவ்வொரு மிஸ் வீட்டிலும் அடுக்கி இருக்கும். பழைய துணியை எந்தக் காரணத்துக்காகவும் பரிசோடு சேர்க்காதீர்கள். அவர் கேட்டிருந்தால்கூட, துவைத்து மடித்து, வேறொரு நாளில் தனியாகக் கொடுங்கள்.

வகுப்பாகச் சேர்ந்து கொடுப்பது

இருபது வீடுகள் தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்ந்து கொடுப்பது நல்லது. யாரும் விட்டுப்போக மாட்டார்கள், தொகையும் உருப்படியாக இருக்கும். இதற்கு இரண்டு பேர் போதும்: ஒருவர் வசூலுக்கு, ஒருவர் கணக்குக்கு.

தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்னால் வாட்ஸப் குழுவில் ஒரே ஒரு செய்தி போடுங்கள். இப்படி இருக்கலாம்: "வணக்கம். தீபாவளிக்கு நம் வகுப்பு மிஸ், ஆயாம்மா, சமையல் அக்கா, வாட்ச்மேன் என ஏழு பேருக்கும் சேர்ந்து பணமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். 400 ரூபாய் அல்லது உங்களால் முடிந்தது. அடுத்த ஞாயிறுக்குள் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். முடியாதவர்கள் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். கார்டில் எல்லாப் பிள்ளைகள் பெயரும் இருக்கும்." கடைசி இரண்டு வரிதான் உயிர். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் குழுவில் போட்டால், கொடுக்க முடியாத வீடு அடுத்த வருஷம் குழுவிலேயே பேசாது. நினைவூட்டல் ஒருமுறை போதும்.

கணக்கு இப்படி வரும். இருபதில் பதினாறு வீடுகள் 400 கொடுத்தால் 6,400. கவர், சார்ட் பேப்பருக்கு 100. மீதி 6,300-ஐ ஏழால் வகுத்தால் ஆளுக்கு 900. பேங்கில் 500 ரூபாய் நோட்டு ஏழும் 100 ரூபாய் நோட்டு இருபத்தெட்டும் கேட்டு வாங்கினால் ஒவ்வொரு கவரிலும் ஒரு ஐந்நூறு, நான்கு நூறு. மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி என்று மூன்று வரியைக் குழுவில் போட்டு முடித்துவிடுங்கள்.

மிஸ்ஸுக்கு அதிகம், ஆயாம்மாவுக்குக் குறைவு என்று பிரிக்கலாமா? வேண்டாம். எல்லாரும் அன்றைக்கு மத்தியானமே ஒரே அறையில் கவரைப் பிரிப்பார்கள். சமமாகக் கொடுத்தால் பேச்சே இல்லை. சேர்ந்து ஒரு மாதமே ஆனவருக்கும் அதே தொகைதான். இருநூறு முந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் அவர் மனதை நோகடிக்க வேண்டாம். வேன் அண்ணனுக்கு மட்டும் வேனில் வருகிற வீடுகள் தனியாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

கையில் கொடுக்கும்போது

மொத்தமாக நிர்வாகியிடம் விட்டுவிட்டு வந்தால் யாருக்கு என்ன போனது என்று உங்களுக்குத் தெரியாமலே போகும். பெயர் எழுதின கவர்களை நீங்களே கொடுங்கள். இரண்டு ஷிப்டும் சந்திக்கிற நேரம், பெரும்பாலும் மத்தியானம் ஒன்றரையில் இருந்து இரண்டு, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது போனால் எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்கு லீவில் இருப்பவர் கவரை மற்றவர் கையில் கொடுத்தனுப்பாமல் வைத்திருந்து மறுநாள் கொடுங்கள்.

வயதில் மூத்தவர் என்றால் பிள்ளையை ஆசீர்வாதம் வாங்கச் சொல்லலாம், ரொம்பவே சந்தோஷப்படுவார். வெற்றிலை பாக்கு, குங்குமம், பூ வைத்துக் கொடுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தாலும், எதிரில் இருப்பவர் கணவரை இழந்தவரா, வேறு மதத்தவரா என்று தெரியாமல் நீட்டாதீர்கள். வாழைப்பழமோ ஆப்பிளோ எல்லாருக்கும் பொருந்தும்.

'வேண்டாம்மா' என்று மறுத்தால் ஒருமுறை, "பாப்பா கொடுக்கிறது, வாங்கிக்கோங்க" என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். விதி இருக்கலாம், பக்கத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அங்கன்வாடியும் ஆபீஸ் க்ரெச்சும்

1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை அங்கன்வாடிகள். அரசு மையம் என்பதால் பணியாளர் கையிலோ உதவியாளர் கையிலோ பணம் கொடுப்பது அவருக்கு வினையாகலாம். மையத்துக்குப் பொருளாகக் கொடுங்கள்: பாய், எவர்சில்வர் டம்ளர், படப் புத்தகம், சுவர்க் கடிகாரம். கொடுக்கும் முன் எது தேவை என்று பணியாளரிடமே கேளுங்கள். தட்டு நிறைய இருக்கும், பாய் கிழிந்திருக்கும். அவர்களுக்கென்று தனியாக ஒரு கார்டும் பழமும் கொடுக்கலாம்.

2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் க்ரெச் வசதி செய்து தர வேண்டும். ஆபீஸ் க்ரெச் பலவற்றில் ஊழியர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். உங்கள் கம்பெனியின் பரிசு விதி, அவர்கள் நிறுவனத்தின் விதி இரண்டையும் எச்ஆரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு கடிதம்

காசு செலவில்லாத, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது. முதல் கடிதம் ஆயாம்மாவுக்கு. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். "பாப்பா முதல் மூன்று வாரம் மத்தியானத்தில் தூங்கவே இல்லை. நீங்கள்தான் தினமும் மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தீர்கள். இப்போது வீட்டிலும் 'ஆயாம்மா மாதிரி தட்டு' என்று கேட்கிறாள்." இந்த அளவு போதும். கீழே பிள்ளையின் கைத்தடம். அவர் படிக்கிற மொழியில் எழுதுங்கள். தெலுங்கோ இந்தியோ படிக்கிறவர் என்றால் தெரிந்தவரிடம் எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் நீங்களே வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுங்கள்.

இரண்டாவது கடிதம் நிர்வாகிக்கு, மின்னஞ்சலில். ஊழியரின் முழுப் பெயர், எந்த வகுப்பு, அவர் செய்தது என்ன, அதனால் உங்கள் பிள்ளைக்கு ஏற்பட்ட மாற்றம் என்ன என்று ஐந்தாறு வரி. இதை ஏப்ரலுக்கு முன்னால், அடுத்த வருஷச் சம்பளம் பேசுவதற்குள் அனுப்புங்கள். பெற்றோர் எழுத்தில் பாராட்டிய ஆளைச் சம்பள உயர்வு நேரத்தில் ஒதுக்குவது நிர்வாகிக்கு அவ்வளவு எளிதல்ல. பிரிண்ட் எடுத்து ஒரு பிரதியை ஆயாம்மாவிடமும் கொடுத்துவிடுங்கள். வேறு இடத்தில் வேலை தேடிப் போனால் காட்டுவதற்கு அவரிடம் வேறு சான்று எதுவும் இருக்காது.